சிறுவாடு

படங்களின் பின்புலத்தை அழிப்பது என் தொழில்.
செருப்பு, கைக்கடிகாரம், நாய்க்கு மாட்டும் கழுத்துப்பட்டை,
எதுவானாலும் அதன் பின்னே நிற்கும் மேசையை, சுவரை, நிழலை
ஓரம் பிசிறாமல் வெட்டிவிட்டு
வெள்ளையில் நிறுத்த வேண்டும்.
எங்கோ குளிர்நாட்டில் ஒருவன் காயினாக அனுப்புகிறான்.
அவன் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவனுக்கு.

வங்கியில் போட்டால் குறுஞ்செய்தி
தேசிங்கு அண்ணன் போனுக்குப் போகும்.
கணக்கு தொடங்கிய நாளில் என்னிடம் போன் இல்லை,
அவன் நம்பரைக் கொடுத்தோம், அதோடு சரி.
டிங் என்று ஒரு சத்தம்.
அடுத்து, "பரிமளா, ஒரு ரெண்டாயிரம் இருக்குமா?"
இருக்குமா என்பது கேள்வியே இல்லை.
அரிசி டப்பாவில் ஒளிக்கலாம்தான்.
ரேஷன் அரிசி வாங்கிவந்து கொட்டுகிறவனும் அவனே.

காயினுக்கு ஒரு முகவரி தந்தார்கள், நாற்பத்திரண்டு எழுத்து.
அதில் தண்டையார்பேட்டை இல்லை, கதவு எண் இல்லை,
இன்னார் மகள் இன்னார் தங்கை இல்லை.
ஒன்பது மாதம்
அந்த ஒரே முகவரிக்குள் போட்டு வந்தேன்.

ஆடியில் டில்லிபாபுவிடம் பழைய லேப்டாப் வாங்கினேன்.
"காயின் இருந்தா அதையே குடுக்கா."
கொடுத்தேன்.
மூன்றாம் நாள் மணிக்கூண்டு பக்கம்
பைக்கை நிறுத்திச் சிரித்தான்:
"மாசில பெரிய அமௌண்ட் ஒண்ணு உள்ள வந்துகீது போல.
தங்கச்சிக்கு சடங்கு. ஒரு கைமாத்து..."

அப்போதுதான் உறைத்தது.
அது பெட்டி இல்லை, காசிமேட்டு ஏலம்.
விலை கரை முழுக்கக் கேட்கும்.
எந்தக் கூடை எந்த வண்டியில் ஏறியதென்று
பூனைக்குக்கூடத் தெரியும்.
பேர் மட்டும்தான் யாரும் சொல்வதில்லை.
ஒருத்தன் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்,
பழைய ஏலமெல்லாம் உன் பேரில் திரும்பி வரும்.
என் பேரை நானேதான் சொல்லியிருக்கிறேன்,
விசைப்பலகையில் 'ழ' வேலை செய்யாத ஒரு லேப்டாப்புக்காக.

கொருக்குப்பேட்டை கேட் அடைத்த நேரங்களில் கற்றுக்கொண்டேன்.
ஒரு வேலைக்கு ஒரு முகவரி, அடுத்ததற்கு வேறு.
இரண்டிலும் உள்ளதை ஒரே செலவில் சேர்க்காதே.
மீதிச் சில்லறை எந்த வழியாய்த் திரும்புகிறதென்று பார்.
ரூபாயாக மாற்றும் இடத்தில் ஆதார் கேட்பார்கள்,
தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்வார்கள்,
அந்த வாசலில் நீ பரிமளாதான்.
இருக்கட்டும்.
சர்க்கார் முப்பது சதவீதம் என்று நேராகக் கேட்கிறது,
வாங்கிக்கொண்டு போகிறது.
"அண்ணன்னு ஒரு மரியாத இருக்கா?" என்று
சோற்றுத் தட்டின் எதிரே உட்கார்ந்து கேட்பதில்லை.

டில்லிபாபுவுக்குக் கொடுத்தேன்.
வாயடைக்க இல்லை. தங்கைக்குச் சடங்கு நிஜம்தான்.
நூறும் ஐநூறுமாய் நோட்டு.
எண்ணாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.
அது எங்கேயும் பதிவாகவில்லை,
இந்தக் கவிதையைத் தவிர.

புதுக் கணக்குக்குப் பன்னிரண்டு சொற்கள் சாவி.
நாலு பேர் படுக்கும் ஒற்றை அறையில்
ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஏது மறைவு?
பேருந்து நிறுத்தங்களில் வைத்திருக்கிறேன்.
தேரடியில் ஒன்று, டோல்கேட்டில் ஒன்று,
ராயபுரம் பாலத்தில் இரண்டு, அங்கே எப்போதும் நெரிசல்.
மணலிக் காற்று கேஸ் நாற்றத்தோடு வீசும் நாளில்
ஏழாவது சொல் சட்டென்று வரும்.

ஜன்னலோரம் உதடு அசைய உட்கார்ந்திருப்பவளை
வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
நடத்துநர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார்.
தொகை பூஜ்யம். பேர் கிடையாது.
அதையும் மடித்து வளையலுக்குள் செருகுகிறேன்.

கல்மண்டபம்.
ஒன்பதாவது சொல்லைக் காணோம்.
முன்னால் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது,
நல்லவேளை.